கைப்பட ஒரு வாழ்த்து

மார்கழி பிறந்தால் தபால்காரரின் மிதிவண்டி மணிக்குச் செவிசாய்த்துக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்த வாழ்த்து அட்டைகளைச் சணல் கயிற்றில் வரிசையாகக் கோத்துக் குடிலுக்கு மேலே தோரணமாகக் கட்டுவோம். அவற்றைக் கழற்றி வைக்குமுன்பே பொங்கல் வாழ்த்துகள் வந்து சேரும். கரும்பும் பானையும், ஏரும் எருதும், கோலமிடும் பெண்களுமாகச் சிவகாசி அச்சகங்கள் வண்ணம் வண்ணமாக அடித்துத் தந்த அட்டைகள் கடைத்தெருவெங்கும் தொங்கும். எவரெவருக்கு எதை அனுப்புவது என்று வீட்டில் பெரிய ஆலோசனையே நடக்கும்.

அந்நாள்கள் போய்விட்டன. கைப்பேசி வந்தபின் அட்டை வாங்குவோரும் குறைந்தனர், விற்போரும் குறைந்தனர். இப்பொழுது விழா நாளன்று விடியுமுன்பே நூறு வாழ்த்துகள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. நாமும் ஒரே படத்தை ஒரே நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று காப்பி அருந்தச் செல்கின்றோம்.

இதில் குறை ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வரையில்.

அன்று கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். அருட்சகோதரியர் நடத்தும் முதியோர் இல்லமொன்றில் வாழும் எங்கள் அத்தையைக் காணச் சென்றிருந்தோம். பள்ளி ஆசிரியையாயிருந்து ஓய்வுபெற்றவர். பணியிலிருந்த நாளில் ஆண்டுதோறும் அறுபது எழுபது அட்டைகளைத் தம் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி அனுப்புவார். இப்பொழுது கண்பார்வை மங்கி, நிழலுருவங்கள் மட்டுமே தெரிகின்றன. கைப்பேசி அவருக்குப் பயன்படாது. பலகாரம் கொடுத்தோம், நலம் விசாரித்தோம். விடைபெற்று எழும்போது, "எனக்கு அட்டை ஏதாவது வந்திருக்கிறதா? மேசைமேல் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

மேசைமேல் மருந்துப் புட்டிகளும் செபமாலையும் இருந்தன. அட்டை ஒன்றும் இல்லை.

எங்கள் கைப்பேசிகளில் அன்று நூற்றுக்கணக்கான வாழ்த்துகள் இருந்தன. அவருக்கு ஒன்றுகூட இல்லை. நாங்களே அனுப்பவில்லையே, பிறரை என்ன சொல்ல?

நேரமின்மையால் பிறந்த அட்டை

அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் பிறப்பே ஒரு வேடிக்கையான வரலாறு. 1843-ஆம் ஆண்டில் இலண்டனில் வாழ்ந்த ஹென்றி கோல் என்பாருக்கு நண்பர்கள் மிகுதி, ஓய்வோ குறைவு. அத்தனை பேருக்கும் தனித்தனியே கடிதம் எழுத இயலாமல், ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் செய்து ஆயிரம் படிகள் அச்சிட்டார். எஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. நடுவிலே ஒரு குடும்பம் விருந்துண்ணும் காட்சி. இரு பக்கங்களிலும் பசித்தோருக்கு உணவும் ஆடையற்றோருக்கு ஆடையும் அளிக்கும் காட்சிகள். விழா என்றால் நம் பந்தி மட்டுமன்று, பக்கத்திலிருப்போரும்தான் என்பதை அந்த முதல் அட்டையே சொல்லிவிட்டது.

ஆயினும் அவ்வட்டை பிறந்தது நேரமின்மையால் என்பதை மறுப்பதற்கில்லை. இன்றைய கைப்பேசி வாழ்த்து அதன் பேரப்பிள்ளை. அப்படியானால் கையால் செய்த அட்டையின் சிறப்பு எது? பெறுபவரை மனத்தில் நிறுத்தி நாம் செலவிட்ட அரைமணி நேரமே அதன் சிறப்பு. அழகில் அச்சகத்தோடு நாம் போட்டியிட வேண்டுவதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜிட்கா என்னும் 7 வயதுச் சிறுமி, தன் ஊருக்கு உதவிய ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்துக்கு நன்றி சொல்ல விரும்பினாள். காகிதம் கிடைக்கவில்லை. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சிறுவர்கள் ஆடிப்பாடும் படத்தைத் தீட்டினாள். 1949-இல் யூனிசெஃப் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டை அதுவே. காகிதமில்லை என்று அச்சிறுமி வாளாவிருக்கவில்லை. எல்லாம் இருந்தும் வாளாவிருந்தவர்கள் நாங்கள்தாம்.

ஏரிக்கரையில் கிடைத்த படம்

அடுத்த ஆண்டு அட்டைகளை வீட்டிலேயே செய்வதென்று முடிவாயிற்று. என்ன படம் போடுவது? பிள்ளைகள் பழக்கத்தால் பனிமலையையும் ஊசியிலை மரத்தையும் வரைந்தார்கள். செங்கற்பட்டுச் சீமையில் பனிமலை ஏது? மார்கழியில் நம் பக்கத்துக்கு வரும் உண்மையான விருந்தாளிகளைப் பார்க்கலாம் என்று திருவருகைக் காலத்தின் முதற் சனிக்கிழமையன்று வேடந்தாங்கலுக்குப் புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். திருச்சி நெடுஞ்சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பிச் செல்ல வேண்டும். ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். ஆயினும் நல்ல மழை பெய்த ஆண்டில், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் இலை தெரியாதபடி பறவைகளால் நிறைந்துவிடும். இவையெல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று பலர் எண்ணுகின்றனர். வாத்து வகைகள் சில வட திசையிலிருந்து நெடுந்தொலைவு கடந்து வருவது மெய்யே. ஆனால் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகளும் கூழைக்கடாக்களும் நம் நாட்டுப் பறவைகள்தாம்.

வேடர் வாழ்ந்த சிற்றூர் என்று இவ்வூரின் பெயருக்குப் பொருள் சொல்வர். அப்பெயருடைய ஊரே பறவைகளின் புகலிடமாயிற்று. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்ல உரமாகும் என்பதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர் என்றும், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவர்களது உரிமையை எழுத்திலே அளித்தார் என்றும் கூறப்படுகிறது. 2022-இல் இவ்வேரி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் பறவைகளைப் பேணும் ஊர் அது.

மாலையில் இரை தேடிச் சென்ற பறவைகள் கூட்டங்கூட்டமாகத் திரும்புகையில், பிள்ளைகள் கரையிலே அமர்ந்து அலகுகளை மட்டும் வரைந்துகொண்டார்கள். அலகை வரைந்தால் பறவையை அறிந்துவிடலாம். கரண்டிவாயனுக்கு நுனி அகன்ற அகப்பை அலகு. கூழைக்கடாவுக்குப் பை தொங்கும் அலகு. வெள்ளை அரிவாள் மூக்கனுக்கு வளைந்த கதிரரிவாள். மஞ்சள் மூக்கு நாரைக்குப் பெயரிலேயே வண்ணம் இருக்கிறது. நத்தை குத்தி நாரைக்கோ, வாயை மூடினாலும் அலகின் நடுவே ஓர் இடைவெளி தெரியும். ரப்பர் முத்திரைக்கு இத்தகைய எளிய கோட்டுருவங்களே ஏற்றவை. மெல்லிய இறகுக் கோடுகளை வெட்ட முயன்றால் மை அடைத்துக்கொள்ளும்.

முத்திரை செய்வது எப்படி?

பள்ளியில் வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்துப் பூப்பூவாக அச்சுப் போட்ட நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். இதுவும் அதே கலைதான். சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் 1839-இல் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். அதன் பின்னரே ரப்பர் முத்திரைகள் செய்ய முடிந்தது. அலுவலகங்களெங்கும் அவை பரவின.

வீட்டில் செய்வதற்குப் பெரிய அழிப்பான் ரப்பர் ஒன்று போதும். மெல்லிய டிரேசிங் காகிதத்தில் மென்மையான பென்சிலால் படத்தை அழுத்தி வரையுங்கள். காகிதத்தைக் கவிழ்த்து ரப்பரின்மேல் வைத்து, நகத்தால் தேயுங்கள். பென்சில் கோடு ரப்பரில் இடம் வலமாக மாறிப் பதியும். அச்சிடும்போது மீண்டும் மாறி நேராகிவிடும். பறவைக்கு இது பெரிதன்று. எழுத்துக்கு இது மிக முக்கியம். எங்கள் மகன் அவசரப்பட்டு 'வாழ்த்து' என்பதை ரப்பரில் நேராகவே எழுதி, ஒரு மணி நேரம் பாடுபட்டு வெட்டினான். அச்சிட்டபோது கண்ணாடி முன் நிறுத்தினால்தான் படிக்க முடிந்தது!

கோட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள பகுதியைக் கூரிய கத்தியால் செதுக்கி எடுக்க வேண்டும். கத்தியை வெளிப்புறம் சாய்த்துப் பிடித்தால், கோட்டின் அடிப்பகுதி அகன்று உறுதியாக நிற்கும். வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்க, சிறுவர்கள் அச்சிடட்டும். நுட்பமான படம் வேண்டுமானால், கறுப்பு மையில் தெளிவாக வரைந்து ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடையில் கொடுத்தால் அவர்களே செய்து தருவார்கள்.

மையும் காகிதமும்

ஸ்டாம்பு மையில் கிளிசரின் சேர்ப்பார்கள். ஆதலால் அது பெட்டியில் எளிதில் உலராது. காகிதத்தில் ஊறியே காயும். வழவழப்பான அட்டையில் போட்டால் கைபட்டதும் இழுகிவிடும். மிக மென்மையான கைக்காகிதத்திலோ கசிந்து பரவும். ஆகவே முதலில் கழிவுத் துண்டொன்றில் போட்டுப் பாருங்கள். சாயத்தால் ஆன மை வெயிலில் வெளுக்கும். நிறமித்தூள் கலந்த மை நெடுநாள் நிற்கும், ஆனால் மெதுவாகக் காயும்.

முத்திரையை மைப்பெட்டியில் போட்டு அழுத்தாதீர்கள். முத்திரையை மல்லாத்திப் பிடித்து மைப்பெட்டியால் மெல்லத் தட்டினால் மை சீராகப் படியும். அட்டைக்கடியில் மடித்த செய்தித்தாள் ஒன்றை வைத்து, நேராக இறக்கி, அசைக்காமல் அழுத்தி, நேராகவே தூக்குங்கள். ஒருமுறை மை தொட்டுவிட்டு, மீண்டும் தொடாமல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அச்சிட்டால் படம் படிப்படியாக மங்கும். இது குறையன்று. தொலைவில் பறந்துவரும் கூட்டத்தை இவ்வாறே காட்டலாம்.

வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம். கடையில் செய்த முத்திரையை நாங்கள் அதில் துடைத்தோம். கூழைக்கடா உப்பிப் பன்றிபோல் ஆகிவிட்டது.

180 கிராம் தடிப்புள்ள ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால், அட்டை 6 கிராமுக்குள் அடங்கும். உறையும் சேர்ந்தாலும் சாதாரணக் கடிதத்துக்குரிய 20 கிராமைத் தாண்டாது. சிப்பி, பொத்தான் முதலியவற்றை ஒட்டாதீர்கள். தபால் முத்திரை விழும்போது உறை கிழிந்துவிடும்.

தடவிப் பார்த்த நாரை

அத்தைக்கு மட்டும் வேறு வகையில் ஓர் அட்டை செய்ய வேண்டியிருந்தது. கண் காணாதவருக்குப் படம் எதற்கு என்று நாங்கள் திகைத்தபோது, கலியாணப் பத்திரிகைகளில் எழுத்துகள் மேடிட்டு நிற்பது நினைவுக்கு வந்தது. கைவினைப் பொருள் கடைகளில் எம்போசிங் பவுடர் கிடைக்கிறது. மெதுவாகக் காயும் மையில் அச்சிட்டு, ஈரமாயிருக்கும்போதே அத்தூளைத் தூவி, மிகுதியைத் தட்டிவிட வேண்டும். பின்பு சூடான இஸ்திரிப் பெட்டிக்கு மேலே, படாமல், அட்டையின் பின்புறத்தைக் காட்டினால், தூள் உருகி மேடாக இறுகிவிடும். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை. இரண்டு அட்டைகள் கருகின. மூன்றாவது நன்றாக வந்தது.

தபாலில் அனுப்பிவிட்டு, விழாவுக்கு மறுநாள் அத்தையைக் காணச் சென்றோம். அட்டை அவருடைய தலையணைக்கடியில் இருந்தது. அருட்சகோதரி ஒருவர் படித்துக் காட்டினாராம். அத்தை அதை எடுத்து, விரலால் மெல்லக் கோட்டின்மேல் தடவிக்கொண்டே வந்தார். நீண்ட கால், வளைந்த கழுத்து, பின்பு அலகு. விரல் அங்கே நின்றது. திரும்பவும் தடவினார்.

"இதன் வாய் மூடவில்லையே? வெட்டும்போது தவறிவிட்டதா?" என்றார்.

"இல்லை பாட்டி, அது நத்தை குத்தி நாரை. அதற்கு அலகு அப்படித்தான் இருக்கும்" என்றான் மகன்.

அத்தை சிரித்தார். வேடந்தாங்கலுக்கு மாணவியரை அழைத்துச் சென்ற கதையைத் தொடங்கி, ஒரு மணி நேரம் பேசினார். அத்தனை நேரம் அவர் பேசி நாங்கள் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வாண்டு நம் பங்கில்

பறவைகள் தத்தம் காலத்தை அறிந்து வருவதைச் சுட்டிக்காட்டி எரேமியா இறைவாக்கினர் மக்களுக்கு அறிவுறுத்தினார். நாரைகள் மார்கழியை மறப்பதில்லை. நாம் மறந்தோர் எத்தனை பேர்?

அன்பு வாசகர்களே, விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வீட்டார் ஒன்றுகூடி ஒரு பட்டியல் எழுதுங்கள். கைப்பேசியில் வாழ்த்துப் பெறாதவர்களின் பெயர்கள் மட்டும் அதில் இருக்கட்டும். முதியோர் இல்லத்தில் இருக்கும் உறவினர், துணையை இழந்து தனித்து வாழும் பக்கத்து வீட்டார், பணி ஓய்வு பெற்ற கோவில் பிள்ளை, நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்த ஆசிரியை என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பெயர் போதும். ஒரு ரப்பர், ஒரு மைப்பெட்டி, ஐந்து தாள், ஒரு சனிக்கிழமை மாலை, வேண்டியவை இவ்வளவே. அட்டைக்குள் அச்சிட்ட வாசகத்தை விட்டுவிட்டு, அவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். கூடுமானால் விழா கழிந்தபின் நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாருங்கள்.

எங்கள் பட்டியலில் இவ்வாண்டு பதினான்கு பெயர்கள் இருக்கின்றன. அத்தை தமக்குக் கரண்டிவாயன் வேண்டுமென்று இப்பொழுதே சொல்லி வைத்திருக்கிறார்.