தொண்ணூறு வயதிலும் வளரும் தசை

கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது இருபது வயதுக்காரருக்கு ஒரு வேலையே இல்லை. எழுபதைத் தாண்டியவருக்கு அதுவே பெரிய சோதனை. உடல் முன்னால் சாய வேண்டும்; தொடையின் முன்பக்கத் தசையும் பிட்டத் தசையும் ஒருசேர இறுகி, மொத்த உடம்பையும் மேலே தூக்க வேண்டும். அந்த வலு இல்லாதபோது கை தானாகவே கைப்பிடியைத் தேடுகிறது. கைப்பிடி இல்லாத கழிப்பறையில் இன்னொருவர் துணை வேண்டியிருக்கிறது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவருக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தத் தொடைத் தசையின் வலுவில்தான் இருக்கிறது. ‘வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று சொல்லி நாம் இதை ஏற்றுக்கொள்கிறோம். அப்படி ஏற்க வேண்டியதில்லை என்பதற்கான சான்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் முன் இருக்கிறது.

முப்பது வயதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்கு மேல் இந்தத் தேய்மானம் வேகமெடுக்கிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு இன்னும் வேகமாகக் குறைகிறது. அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 1989-இல் இதற்கு ‘சார்கோபீனியா’ என்று பெயரிட்டார். சதை, குறைவு என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தசையை இயக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதி வயதாக ஆக மடிகிறது; அவற்றை நம்பியிருந்த தசை நார்கள் சுருங்குகின்றன. கால் இடறும்போது சட்டென்று உடலைத் தாங்கிப் பிடிக்கும் வேக நார்களே முதலில் மெலிகின்றன. சாப்பிடும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறனும் மந்தமாகிறது. இவையெல்லாம் வயதின் கணக்கு. ஆனால் இதே கணக்கில் நாம் எழுதிவிடும் இன்னொரு செலவும் உண்டு. அது அசையாமல் இருப்பதால் வரும் இழப்பு. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதுள்ள 12 ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. வயது பல ஆண்டுகளில் செய்வதைப் படுக்கை பத்தே நாளில் செய்துவிட்டது.

இழந்ததை மீட்க முடியுமா? பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் தேர்ந்தெடுத்தவர்கள் 86 முதல் 96 வயது வரையான, உடல் தளர்ந்த பத்து பேர். ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்சப் பளுவில் 80 சதவீதத்தைக் காலால் தூக்க வேண்டும். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். வலு கூடக்கூடப் பளுவும் கூடும். 1990-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கால் வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்திருந்தது. தொடைத் தசையின் பரப்பு 9 சதவீதம் கூடியிருந்தது. இருவர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். 1994-இல் சராசரி வயது 87 ஆன நூறு பேரிடம் இதே சோதனையைப் பெரிய அளவில் நடத்தியபோதும் வலு இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. அங்கே இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சி இல்லாமல் வெறும் சத்துபானம் கொடுத்ததால் எந்தப் பலனும் இல்லை. தசை தளர்கிறதே தவிர, சுமைக்குப் பதில் சொல்லும் குணத்தைத் தொண்ணூறிலும் இழப்பதில்லை.

‘தினமும் காலையில் நடக்கிறேனே, போதாதா?’ என்று கேட்பவர்கள் பலர். நடை நல்லது; இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனதுக்கும் அதன் நன்மை பெரிது. ஆனால் பழகிய வேலைக்காகத் தசை வளர்வதில்லை. தன் வழக்கத்தை மீறிய பளு வரும்போதுதான் வளர்கிறது. சமதரையில் நடக்கும்போது தொடை தன் திறனில் சிறு பங்கையே செலவிடுகிறது. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், 65 வயதைக் கடந்தவர்களுக்கு நடை போன்ற பயிற்சிகளோடு வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியும், மூன்று நாளாவது உடற்சமநிலைக்கான பயிற்சியும் வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. நம் வீடுகளில் இது இன்னும் அவசரமாகிறது. தரையில் உட்கார்ந்து எழுவதும், குந்துவதும், குடம் தூக்குவதும் கேட்காமலே கிடைத்த வலுப் பயிற்சிகள். சாப்பாட்டு மேசை, மேற்கத்தியக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், லிஃப்ட் என்று வசதி வரவர அந்தப் பயிற்சிகள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன. வசதி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விலகிப்போனதை வேறு வழியில் ஈடுகட்டியாக வேண்டும்.

அடுத்த தயக்கம் ஆபத்து பற்றியது. எலும்பு உடைந்துவிடாதா, முட்டி தேய்ந்துவிடாதா என்ற கவலை நியாயமானது. ஆஸ்திரேலியாவில் மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களிடம் நடந்த ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. ஒரு பிரிவினர் பயிற்சியாளர் மேற்பார்வையில் வாரம் இரு முறை, அரை மணி நேரம் கனமான பளுவைத் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களுடைய கீழ் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் உயர்ந்தது. வீட்டில் இலேசான பயிற்சி செய்த மற்றவர்களுக்குக் குறைந்தது. எலும்பு முறிவு எதுவும் நேரவில்லை. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இன்று சர்வதேச வழிகாட்டிகள் முதலில் சொல்வது உடற்பயிற்சியைத்தான். ஆனாலும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நெஞ்சு வலி, அண்மையில் மாரடைப்பு அல்லது அறுவை சிகிச்சை என்றிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பளு தூக்கும்போது மூச்சை அடக்கவும் கூடாது.

இந்தச் சான்றுகளுக்கும் எல்லை உண்டு. பத்து பேர், நூறு பேரிடம் சில மாதங்கள் நடந்த ஆய்வுகளை வைத்து ஆயுள் கூடும் என்று உறுதி சொல்ல முடியாது. 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், கையால் இறுகப் பிடிக்கும் வலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. இந்தியர்களும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆனால் வலு குறைவு நோயின் விளைவாகவும் இருக்கலாம். ஆகவே நீண்ட ஆயுள் என்ற வாக்குறுதியை ஒதுக்கிவைப்போம். இருக்கும் காலத்தில் தானாக எழுந்து, தானாகக் குளித்து, விழாமல் நடக்க இந்தப் பயிற்சி உதவுகிறது என்பதற்கு நூற்றுக்கணக்கான ஆய்வுகளின் ஆதரவு இருக்கிறது. அது போதாதா?

தொடங்குவதற்கு ஜிம் தேவையில்லை. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழலாம். முடியாதவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சுவரில் கையூன்றித் தண்டால் எடுக்கலாம்; சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ பளு. எளிதாகத் தோன்றும் நாளில் எண்ணிக்கையையோ எடையையோ சற்றுக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டல்தான் பயிற்சியின் உயிர். உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கஞ்சியும் இட்லியும் மட்டும் அதைத் தராது. பயறு, பருப்பு, தயிர், முட்டை, மீன் தட்டில் இருக்க வேண்டும். நிறுத்தினால் பலன் நீடிக்காது: பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை விட்ட நான்கே வாரத்தில் தங்கள் வலுவில் 32 சதவீதத்தை இழந்தார்கள். எனவே பெற்றோரை ‘நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று அன்போடு தடுக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அவர்களால் தூக்க முடிந்த பையை அவர்களே தூக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நடந்தால் போதும்.