தோல் ஊரில் இறாலுக்கு ஒரு காவல்

வேலூரிலிருந்து ஆற்காடு போகும் வழியில் இருக்கிறது மேல்விஷாரம். தோல் பதனிடும் ஊர். கடலைப் பார்க்கச் சென்னை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் இந்த ஊர்க் கல்லூரிக்குத்தான் இறால் குஞ்சுகள் ஸ்பிரிட் குப்பிகளில் ஊறியபடி வந்து சேர்ந்தன, நோய் உண்டா இல்லையா என்று பார்க்க!

தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் 1965-இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே பேராசிரியர் ஏ. எஸ். சாகுல் ஹமீது வளர்த்தெடுத்த ஆய்வகத்தை, வெள்ளை வால் நோய்க்கான ஆதார ஆய்வகமாக உலக விலங்கு சுகாதார அமைப்பு அங்கீகரித்தது.

நன்னீர் இறாலைத் தாக்கும் நோய் இது. கண்ணாடிபோல் இருக்கும் குஞ்சின் வால் பால்நிறமாக வெளுக்கும். சில நாட்களில் தொட்டியே காலியாகிவிடும். தாய் இறாலோ சாகாது. வைரஸைச் சுமந்துகொண்டு தெம்பாகத் திரியும், முட்டை வழியே குஞ்சுக்கும் கடத்தும். கண்ணால் பார்த்துத் தாயைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவது இங்கேதான்.

கடலோரப் பண்ணைகளின் எதிரி வேறு: வெள்ளைப் புள்ளி வைரஸ். 1994-இல் இந்தியாவுக்குள் நுழைந்த அது, புலி இறால் வளர்த்தவர்களின் முதலீட்டையே விழுங்கியது. தாக்கினால் மூன்று முதல் பத்து நாளில் குட்டை மொத்தமும் சாகலாம். மருந்து கிடையாது. ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்து எதிர்க்கும் திறன் நமக்கு இருப்பதுபோல் இறாலுக்கு இல்லாததால், வழக்கமான தடுப்பூசியும் கைகொடுப்பதில்லை.

அதனால் நோய் உள்ளே வராமல் வரப்பு கட்டுவதே வழி. தண்ணீரைத் தேக்கி பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். நண்டு ஏறாமல் வேலி, பறவை இறங்காமல் கயிறு. 2009-இல் வெனாமி என்ற வெளிநாட்டு இறால் வந்தபோது, அதன் தாய் இறாலைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்குக் கொடுத்தார்கள்.

பச்சைத் தோலை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்காமல் வியாபாரி விலை பேசமாட்டார். இறால் குஞ்சைப் புரட்டிப் பார்ப்பது பி.சி.ஆர். கருவி. ஒரு தொகுதியிலிருந்து சில குஞ்சுகளை எடுத்து அரைத்து மரபுப்பொருளைப் பிரித்து, வைரஸின் துண்டு இருந்தால் அதைப் பல கோடியாகப் பெருக்கி, கூழ்த் தட்டில் ஓடவிடுகிறார்கள். புற ஊதா ஒளியில் குறித்த இடத்தில் ஒரு கோடு மின்னினால் அந்தத் தொகுதியே வேண்டாம். அந்த இடம் இருட்டாகவே இருந்தால்தான் மீதிக் குஞ்சுகளைக் குட்டையில் விடலாம்.