பந்தலுக்கு எத்தனை வழி?



நம்ம கூட்டமைப்பு ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவது பற்றிப் போன கூட்டத்தில் பேசினோம். வாடகை, நாற்காலி, மைக்செட், சாப்பாடு எல்லாம் பேசினோம். "அவசரம்னா வெளியே போக எத்தனை வழி?" என்று யாருமே கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1944 ஜூலை 6. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் சர்க்கஸ் மதியக் காட்சி. சுமார் 7,000 பேர் கூடியிருந்தார்கள். அது போர்க்காலம் என்பதால் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்தான். மழை ஒழுகாமல் இருக்க, கூடாரத் துணியில் மெழுகை பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். ஓரத்தில் பிடித்த சிறு தீ அந்த மெழுகால் கூரை முழுக்கப் பரவியது. மிருகங்களைக் கொண்டுவரும் இரும்புக் கூண்டுப் பாதை சில வழிகளை அடைத்துக்கொண்டு நின்றது. அங்கேதான் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். சுமார் 10 நிமிடத்துக்குள் கூடாரமே சரிந்தது. 167 பேர் இறந்தார்கள்.

அது எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானா மாநிலம் டப்வாலியில் பள்ளி விழாப் பந்தலில் தீப்பிடித்தது. மேலே செயற்கை இழைத் துணி, வெளியே போக ஒரே வாசல். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று, கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் பலியானார்கள். அதே வருடம் ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் கீற்றுக்கூரை எரிந்து 94 பிள்ளைகளை இழந்தோம்.

ஊர் வேறு, வருடம் வேறு. ஆனால் எல்லாவற்றிலும் மேலே சட்டென்று பற்றும் கூரை, கீழே நெருக்கமான கூட்டம், வெளியேறப் போதாத வழி. தீ எப்படியும் பிடிக்கலாம். வழி இருந்தால் உயிர் தப்பும்.

பந்தல் போடும்போது நாம் கேட்க வேண்டியவை:

1. எதிரெதிர் பக்கங்களில் குறைந்தது இரண்டு அகலமான வழி வேண்டும். அங்கே நாற்காலி, பாத்திரம், வண்டி எதுவும் வைக்கக் கூடாது. கேட்டைப் பூட்டக் கூடாது.
2. சமையல் அடுப்பும் ஜெனரேட்டரும் பந்தலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.
3. ஒயர் கீற்றிலோ துணியிலோ படக் கூடாது. சூடாகும் லைட்டைக் கூரைக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது.
4. தண்ணீர் டிரம், மணல் வாளி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆனால் கரண்ட் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மெயினை அணைக்கணும்.

எந்த விழாவுக்குப் போனாலும் உட்காரும் முன் பிள்ளைகளிடம் இரண்டு வழியையும் காட்டுங்கள். பயத்தில் எல்லாரும் வந்த வழிக்கே ஓடுவார்கள். பக்கத்திலேயே வேறு வழி இருக்கலாம். புகை வந்தால் குனிந்து போங்கள். செருப்பு, பை எடுக்கத் திரும்பாதீர்கள். சேலையில் தீப்பிடித்தால் ஓடாமல் தரையில் படுத்து உருளுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108.

பந்தல்காரர், "இதெல்லாம் எதுக்கும்மா?" என்று சொல்லலாம். பணம் கொடுப்பது நாம், உள்ளே உட்காரப்போவது நம் பிள்ளைகள். அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோமா?