மாத்திரை இருந்தும் ஏன் பலனில்லை?

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க தினம் ஒரு மாத்திரை போதும். அப்புறம் ஏன் ஆப்பிரிக்காவில் இளம்பெண்களுக்குத் தொற்று நிற்கவில்லை? 'வாய்ஸ்' ஆய்வைப் படித்தபோது எனக்குப் பாதி விடை கிடைத்தது.

தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வேயில் 5,029 பெண்கள். 2015இல் வெளியான முடிவு: மாத்திரையால் பலனில்லை. ஆனா ரத்தத்தைச் சோதித்தால் வேறு கதை. 90 சதவீதம் ஒழுங்காகப் போட்டதாகச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை.

பொய் சொன்னாங்கன்னு விட்டுடலாமா? அதே மருந்தைத்தான் எச்.ஐ.வி. உள்ளவர்களும் சாப்பிடுகிறார்கள். டப்பாவைப் பார்த்தால் 'இவளுக்கு நோய்' என்று ஊர் பேசும், புருஷன் சந்தேகப்படுவான். ஆணுறைக்கோ அவன் சம்மதம் வேணும்.

2024இல் வந்த 'பர்ப்பஸ் 1' ஆய்வில் ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி, லெனகாபவிர். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றில்லை. பழைய தினசரி மாத்திரை கொடுக்கப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்கு வந்தது.

ஊசி போட்டதை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. ஆனா அமெரிக்காவில் அதன் விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல். 2027 முதல் ஏழை நாடுகளுக்கு 40 டாலருக்குத் தருவதாக 2025இல் அறிவித்திருக்கிறார்கள். அந்த ஊசி கிராமத்துக் கிளினிக் வரைக்கும் போய்ச் சேருதான்னுதான் இனி பார்க்கணும்.