இருபத்து நாலில் ஒரு பங்கு

டீ சூடாக இருக்கிறது, மெல்லக் குடியுங்கள். நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பெயின்ட் அடித்து, சக்கரம் மாட்டி, பளபளவென்று முடித்த சின்னக் கார் கடையிலேயே கிடைக்கிறது. அப்படியிருக்க, ஒரு பெட்டி நிறையத் துண்டுகளை வாங்கிவந்து வாரக்கணக்கில் எதற்கு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்? கையால் செய்தால் ஒரு திருப்தி என்று பலரும் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் எனக்கு அது போதவில்லை.

ஒரு நிஜக் காரை அப்படியே இருபத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கினால் அது காராகத் தெரியாது. எதைச் சரியாகச் சுருக்குவது, எதைக் கொஞ்சம் பெரிதாக விடுவது, எதைக் காட்டாமலே விடுவது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். பாதித் தீர்மானங்களை, துண்டுகளை வார்க்கும் அச்சான டையை வெட்டியவர் எடுத்துவிடுகிறார். மீதி நம் மேசைக்கு வருகிறது. முடித்த காரை வாங்கினால் அந்தப் பாதியும் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. நான் துண்டுப் பெட்டியை, அதாவது கிட்டை, வாங்குவது அதற்காகத்தான்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். கார் கிட்களில் அதிகம் புழங்கும் அளவுகள் இரண்டு: 1/24, 1/25. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் வருவது 1/24. ஜப்பானியக் கிட்கள் பெரும்பாலும் அதுதான். அமெரிக்காவின் பழைய கிட்கள் 1/25. 4.8 மீட்டர் நீளமுள்ள பெரிய கார் முதல் அளவில் 200 மில்லிமீட்டர் வரும், இரண்டாவதில் 192. தனித்தனியாகப் பார்த்தால் இந்த எட்டு மில்லி தெரியாது. ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் கண் உடனே பிடித்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைப் பெரும்பாலோர் போட்டுப் பார்ப்பதில்லை. மேசையில் இருக்கும் மாடலை நாம் அரை மீட்டர் தள்ளி இருந்து பார்க்கிறோம். அதை 24-ஆல் பெருக்கினால் 12 மீட்டர். அதுவும் மேலே இருந்து பார்க்கிறோம். ஆக, தெருவில் நிற்கிற காரை மாடி பால்கனியில் நின்று குனிந்து பார்க்கிற பார்வைதான் நமக்குக் கிடைக்கிறது. அவ்வளவு தூரத்தில் நிஜக் கார் எப்படித் தெரியுமோ அப்படி மாடல் தெரிந்தால்தான் மனம் அதைக் கார் என்று ஒப்புக்கொள்ளும். பெயின்ட் விஷயத்துக்கு வரும்போது இந்த 12 மீட்டரை மறக்காதீர்கள்.

முதலில் டை. பாலிஸ்டைரீன் குருணையை 200 டிகிரிக்கு மேல் உருக்கி, எஃகு டைக்குள் பெரிய அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். பக்கெட்டும் சீப்பும் செய்கிற அதே முறைதான். ஆறியதும் டை திறக்க வேண்டும், துண்டு பிய்யாமல் வெளியே வர வேண்டும். இட்லித் தட்டின் குழி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால்தானே இட்லி முழுசாக வருகிறது? கார் பாடியின் வடிவம் அப்படிப்பட்டதல்ல. பக்கங்கள் கீழே போகப் போக உள்ளே வளைகின்றன. சக்கர வளைவு, கதவுக் கைப்பிடி, முன்னால் கிரில் என்று எந்தப் பக்கம் இழுத்தாலும் எதாவது ஒன்று மாட்டிக்கொள்ளும். 1950-களின் தொடக்கத்தில் ரெவெல் நிறுவனம் கொண்டுவந்த 'ஹைவே பயனியர்ஸ்' வரிசைக் கார்களில் பாடியையே பல துண்டுகளாகத்தான் ஒட்ட வேண்டியிருந்தது. பக்கவாட்டில் நகர்ந்து விலகும் துண்டுகளைக் கொண்ட டை வந்த பிறகு முழு பாடியும் ஒரே வார்ப்பாக வந்தது. அந்த நகரும் துண்டுகள் சந்திக்கிற இடங்களில் மயிரிழை போல ஒரு மேடு ஓடும். முன்பக்க மூலைகள், கூரையின் ஓரம், பின்பக்க மூலைகள் என்று தேடிப் பாருங்கள், இருக்கும். நிஜக் காரில் அப்படி ஒரு கோடு கிடையாது. கையில் கிட் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிளேடின் முதுகால் அதைச் சுரண்டி, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்ப்பது. பெயின்ட் அடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பளபளப்பில் அந்த மேடு இரண்டு மடங்காகத் தெரியும்.

இந்தப் பொழுதுபோக்கை வளர்த்த ஊர் கார்களின் ஊரேதான். 1948-ல் டெட்ராய்ட் பக்கத்தில் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம் பொம்மைக் கடைக்காக மாடல் செய்யவில்லை. புது மாடல் கார் வரும்போது ஷோரூமில் வாடிக்கையாளருக்குக் காட்டவும் கொடுக்கவும் டீலர்கள் கேட்ட சின்னக் கார்களைச் செய்தது. அலுமினியத்தில் தொடங்கிப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. கார் கம்பெனிக்கே செய்வதால் அளவுகள் கச்சிதமாக இருக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. 1958-ல் அதே டைகளை வைத்து, ஒட்டாத துண்டுகளாகப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியில் மூன்று வழிகள்: ஷோரூமில் நின்ற காராகவே கட்டலாம், அலங்கார மாற்றங்களோடு கட்டலாம், பந்தயக் காராகக் கட்டலாம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் தீர்மானத்தை ஒப்படைத்த முதல் பெட்டிகளில் அதுவும் ஒன்று. அந்தத் தலைமுறை அமெரிக்கச் சிறுவர்கள் பலர் வி8 எஞ்சின் என்றால் என்ன, டிரைவ் ஷாஃப்ட் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையெல்லாம் பிளாஸ்டிக்கில்தான் முதலில் கற்றுக்கொண்டார்கள்.

ஆண்டுதோறும் புதுக் காரோடு வந்த அந்தக் கிட்களுக்கு ஒரு சோகமும் உண்டு. டை வெட்டுவது பெரிய செலவு. அதனால் அடுத்த ஆண்டு காரில் வால் விளக்கும் கிரில்லும் மாறினால், புது டை வெட்டாமல் பழைய எஃகையே திருத்தி விடுவார்கள். திருத்திய பிறகு போன வருடத்துக் காரை மறுபடி வார்க்க வழியில்லை. பழைய கிட் ஒன்று ஒட்டாமல் பெட்டியோடு கிடைத்தால் சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுப்பதற்கு இதுதான் காரணம். ஜோ-ஹான் என்ற இன்னொரு டெட்ராய்ட் நிறுவனத்தின் கிறைஸ்லர் டர்பைன் காரை இங்கே சொல்லியாக வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்குப் பதில் ஜெட் விமானத்தைப் போல டர்பைனில் ஓடிய கார் அது. 1960-களில் கிறைஸ்லர் மொத்தம் 55 கார்கள் செய்து, பெரும்பாலானவற்றைப் பொதுமக்களிடம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்து, திரும்ப வாங்கி, 46 கார்களை அழித்துவிட்டது. மிஞ்சியவை ஒன்பது. ஆனால் ஜோ-ஹான் கிட் எஞ்சினோடும் உட்புறத்தோடும் மிக நுணுக்கமாகச் செய்யப்பட்டது. அந்தக் காரின் அடிப்பகுதி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிற ஒருவருக்கு இன்றும் அந்தப் பிளாஸ்டிக் ஒரு நல்ல ஆவணம். இதைப் பொம்மை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜப்பான் பக்கம் போனால் ஷிசுவோக்கா நகரம். டமியா என்ற மாடல் நிறுவனம் அங்கே 1946-ல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியது. பிறகு மர மாடல்கள், 1960-ல் முதல் பிளாஸ்டிக் மாடலான யமட்டோ போர்க்கப்பல். 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் செய்த பாந்தர் டாங்கின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும், அதற்கு எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டுமோ அவ்வளவு பெரிதாகச் செய்தார்கள். அளந்து பார்த்தால் சுமார் 1/35. இன்று உலகம் முழுக்க டாங்க் மாடல்கள் பெரும்பாலும் 1/35-ல் வருகின்றன. ஒரு பேட்டரியின் அளவு தீர்மானித்த விகிதம் அது. கார்களிலும் இந்தச் சுவடு உண்டு. மோட்டார் வைக்கிற மாதிரி வந்த பழைய ஜப்பானிய 1/24 கிட் ஒன்றைத் திறந்து பாருங்கள், பல கிட்களில் உள்தரை தூக்கலாகவும் சீட்டுகள் குட்டையாகவும் இருக்கும். கீழே மோட்டாருக்கு இடம் விட்டதன் விளைவு.

அதே டமியாவை வளர்த்த ஷுன்சாகு டமியா, 1970-களில் போர்ஷே 934 மாடலுக்காக ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து அளந்தார். 2025-ல் காலமானார். பேட்டரிக்காக விகிதத்தையே விட்டுக்கொடுத்த அதே நிறுவனம்தான் அளவுக்காக ஒரு போர்ஷேயைப் பிரித்தது என்பதைச் சேர்த்து யோசித்தால் இந்தத் தொழிலின் குணம் புரியும்.

ஒட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிஸ்டைரீனுக்கான சிமென்ட் உண்மையில் பசை இல்லை, கரைப்பான். இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து ஒன்றாக்கி, தான் ஆவியாகிப் போய்விடும். அதனால் ஒட்டும் இடத்தில் பெயின்ட் இருந்தால் பிடிக்காது, சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். கண்ணாடித் துண்டுகளுக்கு அதையும் தொடாதீர்கள், சூப்பர் குளூவையும் தொடாதீர்கள். முன்னது கண்ணாடியைத் தின்னும், பின்னது அதன் மேல் வெள்ளைப் படலம் போடும். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை போதும்.

இப்போது பெயின்ட். மாடல் காராகத் தெரிவதும் தெரியாமல் போவதும் இங்கேதான். நிஜக் காரின் மேல் தொழிற்சாலை பூசுகிற எல்லாப் பூச்சும் சேர்ந்து ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். 1/24-ல் அது 0.004. யாராலும் அவ்வளவு மெல்லிசாகப் பூச முடியாது. பிரைமர், நிறம், கிளியர் கோட் என்று நாம் பூசி முடிக்கும்போது மாடலின் மேலும் அதே 0.1 மில்லி ஏறிவிடலாம். நிஜ அளவில் அது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் கனமான பூச்சு. கதவின் இடுக்கு, கிரில்லின் துளை, லோகோவின் எழுத்து எல்லாம் அதற்குள் மூழ்கிப்போகும். கதவு இடுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் நான்கு மில்லி என்றால் மாடலில் 0.17 இருக்க வேண்டும். அப்படி வெட்டினால் முதல் பூச்சிலேயே அடைந்துவிடும். ஆகவே டை வெட்டுபவர் அதை அகலமாக வெட்டுகிறார். அரை மில்லிக் கோடு என்றால், நிஜக் காரில் விரல் நுழைகிற 12 மில்லி இடைவெளி என்று அர்த்தம்!

அதனால்தான் அந்தக் கோட்டில் கறுப்பு மையை ஓட்டாதீர்கள் என்று சொல்கிறேன். பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள், கார் கார்ட்டூன் படமாகிவிடுகிறது. 12 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் கதவு இடுக்கு கறுப்பாகத் தெரியாது, பாடியின் நிறமே கொஞ்சம் இருண்டு தெரியும். வெள்ளைக் காருக்கு வெளிர் சாம்பல், சிவப்புக் காருக்கு அரக்குச் சிவப்பு, அவ்வளவுதான். மெட்டாலிக் பெயின்டுக்கும் இதே கணக்கு. கார் கடையில் விற்கிற டச்-அப் பெயின்டில் உள்ள உலோகத் துகள் 0.03 மில்லி என்று வைத்தாலும், மாடலின் மேல் அது நிஜ அளவில் ஏறக்குறைய முக்கால் மில்லி அகலமுள்ள தகடு. காரின் அசல் நிறமே கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்கினால் பார்வைக்குப் பொய்யாகத் தெரியும். மாடலுக்கென்று அரைத்த நுண்ணிய மெட்டாலிக்தான் உண்மை போல நிற்கும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. லாக்கர் பெயின்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பளபளப்பாக வர வேண்டிய கறுப்பு, பால் நிறத்தில் மங்கிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் பாடிக்குக் கிளியர் அடிக்க வேண்டாம், அப்போது எஞ்சினையும் சீட்டையும் பாருங்கள். எனாமல் மேல் லாக்கர் பூசினால் கீழே இருப்பது சுருங்கி வெடிக்கும், மாற்றிப் பூசலாம். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடிக்கு நேராக வெள்ளை அடித்தால் சாயம் ஊறி ரோஸ் ஆகும், நடுவில் ஒரு சில்வர் பூச்சு வேண்டும். எந்தப் பெயின்டாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து, கரைப்பானுக்கான மாஸ்க் போட்டுத்தான் அடிக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

பழைய கிட் வாங்கினால் டயர்களை உடனே தனியாக எடுத்து வையுங்கள். வினைல் டயரை மிருதுவாக்கச் சேர்க்கும் திரவம் வருடக்கணக்கில் வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். முன் கண்ணாடியின் நடுவில் டயரின் பட்டை வடிவம் அப்படியே பதிந்திருக்கும் கிட்களைப் பார்த்திருக்கிறேன். ஒட்டி முடித்த காரிலும் சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று வைத்தால் பாதுகாப்பு.

மாடல் செய்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு பெரும்பாலும் இரண்டு வாதங்களில் போய் நிற்கும். எஞ்சின் உள்ள கிட்டா, பானெட் திறக்காத கிட்டா என்பது ஒரு வாதம். காலிப்பர் வைத்து அளந்து, கூரை ஒரு மில்லி உயரம் என்று நிராகரிப்பவரும், பார்த்தால் சரியாக இருக்கிறது, போதும் என்பவரும் மோதுவது இன்னொன்று. அளப்பவரை நான் மதிக்கிறேன். முன் கண்ணாடியின் சாய்வு தவறினால் எந்தப் பெயின்டும் காப்பாற்றாது, அதை முதலில் கண்டு சொல்பவர் அவர்தான். ஆனால் அளவு மட்டுமே நியாயம் என்றால் அந்த அரை மில்லிக் கதவு இடுக்கை அவர் எப்படி ஏற்றுக்கொள்கிறார்? அங்கே எல்லோரும் கண்ணைத்தான் நம்புகிறோம். எஞ்சின் விஷயத்தில் என் கட்சி தெளிவு: ஒரு தடவையாவது எஞ்சின் உள்ள கிட்டைக் கட்டிப் பாருங்கள். பிறகு பானெட் திறக்காததையே கட்டினாலும், உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

தொடங்குவதானால் டமியாவின் எஞ்சின் இல்லாத 1/24 கார் ஒன்றை வாங்குங்கள், துண்டுகள் அரம் தேடாமல் பொருந்தும். குறிப்புத்தாள் காரின் அடிப்பகுதியிலிருந்துதான் தொடங்கும். நீங்கள் பாடியிலிருந்து தொடங்குங்கள், அது காய்கிற நாட்களில் மற்றதைச் செய்யலாம். முடித்ததும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள், ஆனால் மேலிருந்து வேண்டாம். 1.7 மீட்டர் உயரமுள்ள ஆளின் கண், 1/24-ல் தரையிலிருந்து ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கேமராவை அந்த உயரத்தில் பிடியுங்கள். பாடி சக்கரங்களுக்கு மேல் அதிகமாகத் தூக்கி நிற்பதும், முன் சக்கரம் ஒன்று மேசையைத் தொடாமல் இருப்பதும் அந்தப் படத்தில்தான் தெரியும். தெரிந்தால் அச்சைப் பிடித்திருக்கும் துண்டை அரை மில்லி தேயுங்கள், மறுபடி நிறுத்திப் பாருங்கள்.