திரையில் நண்பரும் பகைவரும்

போர்க்காலத்தில் திரைப்படமும் ஒரு படைக்கருவி ஆகிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம், போரின் காரணத்தைத் தன் வீரர்களுக்கு விளக்கும் பணியை இயக்குநர் பிராங்க் காப்ராவிடம் ஒப்படைத்தது. 1942 முதல் 1945 வரை ‘நாம் ஏன் போரிடுகிறோம்’ என்னும் வரிசையில் ஏழு பரப்புரைப் படங்கள் வெளிவந்தன.

பகைவரைக் காட்டுவதற்கு, ஜெர்மானியர் தம் பெருமைக்காக எடுத்த படக்காட்சிகளையே காப்ரா பயன்படுத்தினார். அணிவகுப்புக் காட்சி அதுவே. பின்னணிக் குரல் மட்டும் வேறு. பெருமிதம் அச்சுறுத்தலாக மாறியது.

நட்பு நாட்டைக் காட்டிய முறை வேறு. 1943இல் வெளிவந்த ‘ரஷ்யப் போர்’ என்னும் படம், லெனின்கிராடு முற்றுகையைத் தாங்கிய சோவியத் மக்களின் உறுதியைப் போற்றியது. 1939இல் சோவியத் ஒன்றியம் ஜெர்மனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

போர் முடிந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே பனிப்போர் மூண்டது. திரையில் வீரராகத் தோன்றிய அதே மக்கள், பின்னர் வந்த அமெரிக்கப் படங்கள் பலவற்றில் அஞ்சத்தக்கவராகக் காட்டப்பட்டனர். மக்கள் மாறவில்லை, காட்டியவர்களின் தேவையே மாறியது. ஆகவே, ஒரு படம் எதைக் காட்டுகிறது என்பதோடு, எதை மறைக்கிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

சொற்பொருள்: முற்றுகை – சுற்றி வளைத்தல், உடன்படிக்கை – ஒப்பந்தம்.

வினா: ‘ரஷ்யப் போர்’ எதைக் காட்டியது? எதை மறைத்தது?