விட்ட இடத்திலிருந்து – 9: விரலுக்கு வந்த இடமாற்ற உத்தரவு

இந்த வாரம் பேச்சுப் பயிற்சி என்று சொல்லியிருந்தேன். சந்தவாசலுக்குப் போனதே அதற்காகத்தான். பக்கவாதத்தில் வலக்கை விழுந்து, பேச்சும் போன பூக்கார அம்மாவைப் போன வாரமே பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். ஆனால் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் என் கண் அவர் வாய்ப்பக்கம் போகவேயில்லை. விரலிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் படித்துக்கொண்டு போன விஷயம் செய்த வேலை அது.

விஷயம் இதுதான். கட்டைவிரலை விட்டுவிடுங்கள். மற்ற விரல் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. மேலாக ஓடுவது நடுக்கணுவை மடக்கும். அடியில் ஓடுவது நுனிக்கணு வரை போகும். தனியாளாகவே மொத்த விரலையும் மடக்கிவிடும். ஒரு நாற்காலிக்கு இரண்டு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழுநோய் முழங்கையருகே நரம்பைத் தாக்கினால், உள்ளங்கையின் சிறு தசைகள் செத்து, விரல்கள் கொக்கி மாதிரி வளைந்துபோகும். ஆனால் முன்கைத் தசைகளில் பல தப்பிவிடும். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1940களின் கடைசியில் இதைக் கவனித்தவர் பால் பிராண்ட். தப்பித்த தசையைச் செத்த தசையின் வேலைக்கு அனுப்பினால் என்ன?

அப்படி அனுப்பும் அறுவையில் ஒரு வகை இருக்கிறது. நடுவிரலின் மேல்நாணைக் கழற்றி, நான்காகக் கிழித்து, நான்கு விரலுக்கும் ஆளுக்கொரு வாலாகத் தைத்துவிடுகிறார்கள். குமாஸ்தாவுக்கு இடமாற்ற உத்தரவு, அதுவும் ஒரே நாளில் நான்கு ஊருக்கு!

சிக்கல் இனிமேல்தான். உத்தரவு வந்தது மூளைக்குத் தெரியாது. அது பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். மூன்று வாரம் போல் கழித்து மாவுக்கட்டைப் பிரித்ததும் பிசியோதெரபிஸ்ட் வந்து உட்காருகிறார். ‘நடுவிரலை மடக்குறதா நெனைச்சுக்கோ’ என்கிறார். நோயாளி நினைக்கிறார். மடங்குவதோ நான்கு விரல்களின் அடிக்கணுவும்! நுனிகள் நீட்டியபடி நிற்கின்றன. சோற்றைப் பிசைந்து கவளம் எடுக்கும் வாகு அது. இதையே நாளெல்லாம், வாரக்கணக்கில் செய்து பழகினால், ஒருநாள் நினைப்பு இல்லாமலே கை தட்டுக்குப் போகும். கத்தியின் வேலை சில மணி நேரம்தான். மிச்சமெல்லாம் பிசியோ என்கிற இந்தப் பொறுமைசாலியின் தலையில். ஆனாலும் பேர் வாங்குவது சர்ஜன். நம் ஊர்க் கல்யாணத்தில் சமையல்காரரை யார் விசாரிக்கிறார்கள்?

பிராண்ட் நம் கொல்லிமலையில் 1914ல் பிறந்தவர். டாக்டருக்குப் படிப்பதற்கு முன் தச்சும் கட்டட வேலையும் கற்றவர். கை சரியானவர்களுக்கு அவர் முதலில் கொடுத்ததும் தச்சு வேலைதான். தொழுநோயில் உணர்ச்சி போன கை, உளியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்று அறியாது, பிடியிலேயே புண்ணாகிவிடும். ஆகவே கைப்பிடிகளை மாற்றினார்கள். இன்று தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர் சூட்டியிருப்பதில் பாதி இதுதான். அப்படியும் சிலருக்கு ராத்திரி படுத்து எழுந்தால் விரலில் புதுக்காயம். விழித்திருந்து பார்த்தபோது, எலி! வலி தெரியாததால் தூங்குகிறவர் எழவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள். மருத்துவ உபகரணப் பட்டியலில் பூனையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பிராண்டோடு கை அறுவை செய்தவர்களில் ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர். கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியிலிருந்தபடி செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியில் 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. சந்தவாசலிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் போகும் பஸ் அந்தப் பாகாயத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறது. ஜவ்வாது மலையில் புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபடுகிறவர்களுக்கு இந்த பஸ் ரூட் முக்கியம். அவர்கள் கதை தனியாக வரும்.

திண்ணைக்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோ, இந்த அம்மா வீட்டுக்கும் வருகிறார். இங்கே நாண் மாற்றம் எதுவும் இல்லை. கம்பிகள் சரி, மேலிடத்தில்தான் கோளாறு. முதலில் ரப்பர் பந்து கொடுத்தாராம். அம்மா அதைப் பேரனிடம் தூக்கிப் போட்டுவிட்டார். பூ கட்டிய கைக்குப் பந்து எதற்கு? ‘அப்ப பூவே கட்டுங்க’ என்று பிசியோ இறங்கி வந்தார். ஆனால் மல்லி கிடையாது, முதலில் சாமந்தி. பெரிய பூ, தடித்த காம்பு. நார் கட்டைவிரலில் நழுவாமல் நின்ற பிறகுதான் மல்லி. நான் போன அன்று மல்லிக்கு வந்து நாலு நாள். ஒரு முழத்துக்கு முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் அந்த நேரத்தில் கூடையே காலியாகும் என்று மகள் சொன்னார்.

அந்த மகளின் பெயர் அம்மாவுக்கு வாயில் வரவில்லை. தண்ணீர் என்று கேட்கவும் வரவில்லை, கையைத்தான் காட்டுகிறார். பாவம், ஊமையாகிவிட்டார் என்றே நினைத்து நோட்டை மூடினேன். செருப்பு மாட்டும்போது பின்னால் குரல் கேட்டது. குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு கண்ணியாக இறுக்கிக்கொண்டே, ‘ஒன்னு... ரெண்டு... மூணு...’ தெளிவாக, பதினாறு வரை.

பெயர் வராத வாயில் எண் எப்படி வருகிறது? இதைத்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அடுத்த இதழில்.